முடிச்சு

காலையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
இப்போது ஐந்து என்கிறார்கள்.
எங்கள் ஒன்பதாம் மாடியிலிருந்து கூண்டு தெரியாது.
பால்கனிக் கம்பியில் ஓர் ஓட்டை இருக்கிறது,
அது மத்தியானத்திலிருந்து விசிலடிக்கிறது.

கற்றாழைத் தொட்டி, துடைப்பம்,
காயாத ஜமுக்காளம் எல்லாம் உள்ளே வந்தாயிற்று.
ஊஞ்சல் கட்டிலுக்கடியில்.
இரும்பு நாற்காலிகள் இரண்டும் மட்டும் நுழையவில்லை.
வாங்கிய அன்று
கதவைக் கழற்றித்தான் வெளியே போட்டோம்.
இன்று கதவைக் கழற்றுகிற நாளில்லை.

போன புயலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி
சொல்லாமல் போய்விட்டது.
ஏழாம் மாடி ரெஹானா பார்த்திருக்கிறாள்:
"யாரோ உக்காந்து போற மாதிரி போச்சுக்கா,
நிமிர்ந்து."
மூன்று வாரம் கழித்து தேவனாம்பட்டினத்தில்
சங்கராவுக்கு விலை கேட்கக் குனிந்தேன்,
கூடைக்குப் பின்னால் அதே சிவப்பு.
ஒரு காலுக்கு நீலக் குழாய் செருகி, கம்பி சுற்றி.
அந்த அம்மா அதில் சம்மணமிட்டிருந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேரம் பேசவும் வாய் வரவில்லை.
கிலோ நானூற்றைம்பது.

பன்னீர் சிப்காட்டில் பீப்பாய் கட்டுகிறவன்.
காலால் மிதித்து, முறுக்கி,
கயிறு கீச்சென்று அழும்வரை இழுக்கிறான்.
நான் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
பதினாறு வருடமாகக் கட்டுப் போடுகிறவள்.
இடதின் மேல் வலது, வலதின் மேல் இடது.
"நாளைக்கு அவுக்கணும்யா,
அதையும் நெனச்சுக் கட்டு" என்கிறேன்.
"மொதல்ல நாளைக்கு இருக்கட்டும்" என்கிறான்.
கம்பியில் கட்டவில்லை, கம்பியே ஆடுகிறது.
மூலைத் தூணில் கட்டினோம்.

ஒன்று அவன் நாற்காலி, ஒன்று என்னுடையது.
நைட் டூட்டி முடிந்து நான் டீயோடு உட்காரும்போது
அவன் ஆலை பஸ்ஸில் இருப்பான்.
அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரும்போது
எனக்கு வார்டில் ஊசி போடும் நேரம்.
எதிர் நாற்காலியில் கால் நீட்டிக்கொள்ள
இருவருக்குமே வசதிதான்.

இன்று அவற்றை முகம் பார்க்க வைத்து
காலோடு கால் சேர்த்து
துணிக்கொடிக் கயிற்றால் எட்டுச் சுற்று.
மடிக்கு ஒன்றாகத் தண்ணீர் கேன், நிறைய நிரப்பி.
மழை எங்கள் கழுத்துக்குள் இறங்கியது.
"பொண்ணு மாப்பிள்ளை மாதிரி இருக்குதுங்க" என்றான்.
"மூஞ்சி மட்டும் இல்ல" என்றேன்.

எட்டரைக்குக் கரண்ட் போயிற்று.
எனக்கு இன்று ஆஃப். ஆலையை மூடிவிட்டார்கள்.
உட்கார வீட்டில் வேறு நாற்காலி இல்லை.
பால்கனிக் கதவில் முதுகைச் சாய்த்து
தரையில் உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் அதிரட்டுமென்று.
நடுவில் ஒரு தட்டில் நேற்றைய இட்லி உப்புமா.

வாடை கொண்டலாகத் திரும்பியபோது
வெளியே இரும்பு ஒரு விரற்கடை நகர்ந்து
நின்றது.

"பிடிச்சது உன் முடிச்சா, என் முடிச்சா?"

"பேசாம இரு. கேப்போம்."