கொண்டை ஊசி

கோரிமேடு தாண்டும்போது
என்னிடம் நாற்பத்தேழு ஸ்லைடுகள்.
பேசக் கிடைத்ததோ பன்னிரண்டு நிமிடம்.
மடியில் லேப்டாப், ஜன்னல் கம்பியில் தலை.
அடிவாரத்தில் ஏறிய ஒரு பையன்
பக்கத்து இருக்கைக்கு வந்தான்,
மூக்கோடு ஓர் எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு.

முதல் வளைவில் பொருளடக்கம் சரிந்தது.
பந்தியில் உட்கார்ந்தவனுக்கு
இலை போடாமல் எதற்கு மெனு வாசிப்பது?

இரண்டு, மூன்று, நான்கு.
ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க
நானும் அழித்துக்கொண்டு வந்தேன்.
காபிச் செடி இந்தியாவுக்கு வந்த கதை போனது.
வரப்போகிறவர்கள் அத்தனை பேரும் காபித் தோட்டக்காரர்கள்,
அவர்களுக்குத்தான்
காபி என்றால் என்னவென்று சொல்ல இருந்தேன்.
உலக வரைபடமும் போனது, அதன் எல்லாக் கடல்களோடும்.

ஏழாவதில் கை நின்றது.
அந்த அட்டவணை.
பதினொரு பத்தி, இருபத்துமூன்று வரிசை.
வாழவந்தியில் மூன்று மழைக்காலம்
ஒவ்வொரு தண்டாகப் பட்டை சுரண்டி
காலில் அட்டை தொங்கத் தொங்க எண்ணிய எண்கள்.
அழித்துவிட்டால் நான் பட்ட பாடு
யாருக்குத் தெரியும்?

வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டு
உறுமி, மறுபடி ஏறியது.
பாடு என்னுடையது.
அட்டவணை யாருக்கு?
அழித்தேன். திரும்பக் கொண்டுவந்தேன்.
ஒன்பதாவது வளைவில் மீண்டும் அழித்தேன்.

கீழே வெயிலில் சேலம் பரந்து கிடந்தது.
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும்
யாரோ மாவைக் கொட்டிவிட்டுப் போன இடம்போல.

பையன் மூக்கிலிருந்து எலுமிச்சையை எடுத்தான்.
திரையில் என் ஒரே வரைபடம்.
"இந்தப் புள்ளிக்கெல்லாம் எதுக்கு மீசை?"

திட்டவிலக்கம், நம்பக இடைவெளி,
தொண்ணூற்றைந்து சதவீதம்...
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
"எனக்கு எவ்வளவு சந்தேகம்னு காட்டத்தான்.
மீசை நீளம்னா சந்தேகம் ஜாஸ்தி."

ஒன்றின்மேல் விரல் வைத்தான்.
"இதுக்கு ரொம்பப் பெருசு."
"அந்தத் தோட்டத்துல நான் பார்த்த செடி கம்மி."
"அப்ப ஏன் போட்ட?"

பதினான்காவது வளைவு.
பதில் தேடுவதற்குள் வாந்தி எடுத்தான்,
பாதி என் துப்பட்டாவில்.
பின்சீட்டில் அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒண்டிக்கடை தாண்டி, சங்கக் கட்டடம்.
எனக்கு முன்னால் டாக்டர் சகாயநாதன்
நமக்கு முதுகைக் காட்டித் திரையோடு பேசினார்.
திரை பொறுமையாகக் கேட்டது.

என் முறை.
துப்பட்டா இல்லாமல், கையில் ஒரு சாண் காபித் தண்டோடு ஏறினேன்.
"இதுக்குள்ள ஒரு புழு பத்து மாசம் குடியிருந்துச்சு.
நிழல் மரத்தை வெட்டின தோட்டத்துல பத்துச் செடிக்கு நாலு இப்படி.
வெட்டாத தோட்டத்துல ஒண்ணு.
ஏன்னு சொல்லத்தான் வந்தேன்."

தண்டை முன்வரிசையில் கொடுத்தேன்.
கை மாறி மாறிப் போனது.
மூன்றாம் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் மடியிலும்
யாரோ வைத்தார்கள்.
விழித்தார். துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.
தூங்கவில்லை அதற்குப் பிறகு.

வரைபடம் வந்தபோது மீசைகளைப் பற்றியும் சொன்னேன்,
பையன் கேட்டதையும்.
"அந்தப் பெரிய மீசைத் தோட்டத்துல
எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான்.
மறைக்க வேணாம்னு போட்டேன்."

சிரிப்பு.
கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்,
தண்டு இப்போது அவர் கையில்.
"அது என் தோட்டமுங்க.
இன்னும் நூறு செடி எண்ணோணும்னா
வியாழக்கெழம வாங்க."

பதினொன்றரை நிமிடம்.
அழிக்க மறந்த ஒன்று அப்போதுதான் திரையில் வந்து நின்றது:
சூரிய அஸ்தமனம், அதன்மேல் சாய்ந்த எழுத்தில் நன்றி.
நல்லவேளை,
எல்லோரும் பின்னால் திரும்பி
அந்தத் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.