ஏழாம் எண் கிரேன்

காலை ஆறுக்கு மிரேய் இறங்குவாள்.
நான் ஏறுவேன்.
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடி அறை, ஒற்றை நாற்காலி,
இருவருக்கும் பொது.

லெ ஹாவ்ர் துறைமுகத்தில்
எல்லார் மேலும் டீசல் வாசனைதான்.
அவள் மட்டும் வேறு.
கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும்:
முதலில் ஆரஞ்சுத் தோல்,
பிறகு யாரோ அலமாரியைத் திறந்ததுபோல் ஒரு பூ,
அடியில் வெட்டிவேர்.
எந்தத் தீவில் பிடுங்கிய வேரோ.
அந்தப் பெட்டியை நாங்களேகூட
இறக்கியிருப்போம், யார் கண்டது.

கடைக்காரி இவள் பூட்ஸைப் பார்த்துவிட்டு
"இது மாலை விருந்துக்கான செண்ட், மேடம்" என்றாளாம்.
"எனக்கு மாலை பத்து மணிக்குத்தான் ஆரம்பம்" என்று
இரண்டு புட்டி வாங்கி வந்தாள்.
அட்டையில் பொன்னெழுத்து:
புதிர் நிறைந்த பெண்ணுக்கு.

மிரேயிடம் புதிரே கிடையாது.
சம்பளச் சீட்டில் நாலு யூரோ குறைந்தால்
கணக்கர் வாசலில் நின்று கத்துவாள்.
இருபது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் வைப்பாள்,
மனிதர்களை அப்படியல்ல.
மேலாளர் தெலாமாருக்கு அவள் வைத்த பட்டப்பெயரை
இங்கே எழுத முடியாது.
விட்டுப்போன கணவனைப் பற்றி ஒரே வரி:
"நல்ல மனுஷன், மூக்குதான் இல்லை."

பதினோரு வருஷம் ஏணியில்தான் சந்திப்பு.
"காற்று வடமேற்கு."
"பிரேக் இழுக்கிறது."
மீதியை நான் மூக்கால் படித்துக்கொண்டேன்.
லேசாக இருந்தால் இரவு சுலபம்.
நாற்காலியின் தலைப்பக்கம் தூக்கலாக இருந்தால்
யாரையோ நினைத்திருக்கிறாள்.
கைப்பிடியில் ஒட்டியிருந்தால் கோபம்.
இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.
வீட்டில் பெருமையடித்தபோது
"என் மேல் என்ன வாசனை?" என்றாள் மனைவி.
உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

போன பிப்ரவரியிலிருந்து கூடிக்கொண்டே போனது.
ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.
என் ரொட்டியில் அது, காப்பியில் அது,
கண் எரிந்தது.
"ஆள் கிடைத்துவிட்டான்" என்றான் யான்.
கோபம் என்றேன் நான்.
தெலாமாரோடு சண்டை, ஓய்வூதியத் தகராறு,
மகன் மோன்ரியாலுக்குப் போய்விட்டது,
தினம் ஒரு காரணம்
நானே கண்டுபிடித்து அவளுக்குக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு காலை
ஏணியின் நடுத்தட்டில் நின்றுவிட்டாள்.
கையுறையைக் கழற்றி
மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்,
டிக்கெட் காட்டுகிறவள் மாதிரி.

"இருக்கிறதா?"

"என்ன?"

"குளிர்காலத்துக் காய்ச்சலோடு போயிற்று.
வெங்காயம் தெரியவில்லை, கேஸ் கசிந்தால் தெரியவில்லை.
போட்டேனா இல்லையா என்றே தெரியாமல்
போட்டுக்கொண்டே இருக்கிறேன்."

என் பதினோரு வருஷப் படிப்பு
கீழே கறுத்த தண்ணீரில் விழுந்தது.
சத்தம்கூடக் கேட்கவில்லை.

குனிந்து முகர்ந்தேன்.
"இருக்கிறது."

"எப்படி?"

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை.
எனக்குத் தெரிந்த சொற்கள்
கொக்கி, கம்பி, டன், எச்சரிக்கை.
"நனைந்த கயிறு" என்றேன்.
"ஆரஞ்சுத் தோல், ரேடியேட்டர் மேல் காயவைத்தது.
அப்புறம்... விடிகாலையில் இந்த அறை."

"இந்த அறைக்கு வாசனையா?"

"நீ போன பிறகு உண்டு."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.
"அதிகமா?"

"கொஞ்சம்."

"பொய். உன் கண்ணில் தண்ணீர்."
அவள் சிரித்ததில் ஏணி அதிர்ந்தது.
துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் காலை ஆறுக்கு
நடுத்தட்டில் மணிக்கட்டு நீளும்.
ஒரு விரல் காட்டினால் குறைவு, மூன்று என்றால் மிகுதி.
அவள் எப்படிப்பட்டவள் என்று
யானிடம் இப்போது எதுவும் சொல்வதில்லை.

நேற்று அடுப்படியில்
"கொஞ்சம் அசையாமல் நில்" என்றேன்.
சோப்பு. கருகிய வெண்ணெய்.
கழுத்துக்குப் பின்னால் இன்னொன்று.
"என்ன?" என்றாள்.
பொறு, என்றேன்,
பொறு.