சாரல் மாதத்துப் பெயிண்ட்

ஆனி பிறந்து பத்து நாள் ஆகவில்லை.
பாவூர்சத்திரத்தில் மழை என்று ஒன்றும் பெய்யவில்லை;
மேற்கே மலை ஒரு ஈரத்துணியை உதறுகிறது,
அவ்வளவுதான்.
தீக்குச்சியை உரசினால் தலை மட்டும் கழன்று வருகிறது.
டீக்கடை முறுக்கு ஒடியமாட்டேன் என்கிறது.

அமரர் ஊர்தி மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்தது.
பால்வெள்ளை, இரண்டு கோட் அடித்திருந்தேன்.
இடப்பக்கக் கதவு முழுக்க
வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாய்க் கொப்புளம்.
நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈரம்.

"ஏறிப் போறவுக ஒருத்தரும் குறை சொன்னதில்ல,
ஓட்டுதவன் நான் சொல்லுதேன்" என்றான் மாசானம்.
"அம்மை போட்ட வண்டில எப்படிய்யா பொணத்த ஏத்த?"

தின்னரை மாற்றினேன்.
தின்னர் விற்றவனிடம் சண்டை போட்டேன்.
உப்புத்தாளால் தேய்த்த தேய்ப்பில்
தகரம் பல்லைக் காட்டியது.
ஸ்ப்ரே கன்னில் எலுமிச்சம்பழம் கட்டியது மாசானம்தான்;
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்து லேத்துப் பட்டறை ஞானதிரவியம்
கேட்காமல் எதையும் தொடமாட்டான்,
கேட்டாலும் பதில் சொல்லமாட்டான்.
வந்து கம்ப்ரசர் அருகில் குத்தவைத்தான்.
தொட்டியின் அடித்திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினான்.
துரு நிறத்தில் ஒரு செம்புத் தண்ணீர்
அவன் முழங்கால்வரை பீய்ச்சியது.
"பெயிண்டு மேல ஒரு தப்பும் இல்ல.
காத்து குளிச்சிட்டு வருது."

மூடிப்போன சினிமாக் கொட்டகை ஏலத்தில்
எடைக்கு எடுத்த தீயணைப்பான் உருளை ஒன்று
அவனிடம் கிடந்தது, ஒரு தீயையும் பார்க்காமலே பழசானது.
அதன் வயிற்றைக் கழுவி
பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை அடைத்தான்.
செத்த பிரிட்ஜின் செம்புக்குழாயை வளையம் வளையமாய்ச் சுருட்டி
தண்ணீர் டிரம்முக்குள் இறக்கினான்.

கம்ப்ரசரில் நெரிபட்டுக் கொதித்து வரும் காற்று
டிரம்முக்குள் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி
ஆறி,
உருளைக்குள் கம்பிநாரில் முட்டிமோதி
கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு
வெறுங்கையோடு மேலே ஏறிப் போகிறது.
உருளையில் அசைகிற உறுப்பு ஒன்றே ஒன்று:
அடியில் ஒரு பித்தளைத் திருகு.
அதையும் நான்தான் அசைக்க வேண்டும்.

கதவு கண்ணாடியாய் வந்தது.
மாசானம் அதில் மீசையைத் திருத்திக்கொண்டான்.
சாரலுக்குள் வண்டியை எடுத்தபோது
வெள்ளையின் மேல் துளித்துளியாய் நின்றது தண்ணீர்,
உள்ளே போக வழி கேட்டுக்கொண்டு.

"செம்புக்குழாய்க்கு முந்நூறு குடு, மத்தது கிடக்கட்டும்"
என்றிருந்தான்.
அந்த வாரம் கையில் இல்லை.
அடுத்த வாரம் இருந்தது, கொடுக்கவில்லை.
ஆவணியில் அவன் சார்ஜாவுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வரும்.
"அது பாலைவனம்ல, காத்துல சொட்டுத் தண்ணி இருக்காதே?"
"ஏல, கடல் பக்கம். சட்டையப் பிழிஞ்சா வாளி ரொம்பும்."
முந்நூறைப் பற்றி அவனும் கேட்பதில்லை,
நானும் எடுப்பதில்லை.
வைக்கும் முன்னால் மட்டும்:
"வடிச்சியா?"
"வடிச்சேன்."

சாயங்காலம் திருகைத் திறந்தால்
புஸ்ஸென்று முக்கால் லிட்டர்.
மேலே எண்ணெய் மினுங்கும். செடிக்கு ஆகாது,
முகத்துக்கு ஆகாது.
தார்ரோட்டு ஓரத்தில் கொட்டுவேன்,
அது காய்ந்து திரும்பவும் என்னிடமே வரும்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை
கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம்.
வடிக்கவில்லை.
வடிச்சேன் என்றேன்.
மறுநாள் ஒரு டிராக்டர் மட்கார்டு, நல்ல சிவப்பு,
ஓரத்தில் உளுந்தளவு ஒற்றைக் கொப்புளம்.
வண்டிக்காரர் பார்க்கவில்லை. பணம் எண்ணித் தந்தார்.

காய்கறிச் சந்தையில் அந்த டிராக்டர்
சிறுகிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டு நிற்கும்.
நான் வலப்பக்கமாகச் சுற்றிப் போவேன்.