ஏழாம் சூடு

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு.
கூஹ்மோவுக்கு வடக்கே
வெட்டி முடித்த பைன் காட்டின் ஓரம்.
நாயின் குரைப்பு நெருங்கி நெருங்கி வந்து
எதிரே நின்றது மூஸ் மான்,
அறுபது மீட்டரில், பக்கவாட்டில்,
நான் சொல்லி நிறுத்தி வைத்ததுபோல.

போல்ட் இறங்க மறுத்தது.

கட்டைவிரல் நோகத் தள்ளினேன்.
பாதி இறங்கி
மாட்டேன் என்றது.
தபால் வண்டி நிற்காமல் போகையில்
வாசலில் நிற்பவர்கள் என்னைப் பார்ப்பார்களே,
அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டு
ஓடையைத் தாண்டிப் போனது மூஸ்.
அவசரமே இல்லை அதற்கு.

ரேடியோவில் ஹன்னு கேட்டார்:
"ரைலி, சத்தமே காணோமே?"
"என்னவென்று தெரியவில்லை" என்றேன்.
தெரிந்துதான் இருந்தது.

ஆகஸ்டில் சுடும் தேர்வுக்கென்று
என் கொழுந்தன் எஸ்கோ இருபது தோட்டா வாங்கிப் போனான்.
வெறும் கூடுகளைக் கழுவித் துடைத்து
ஒரு சாக்லேட்டோடு திருப்பித் தந்தான்.
நல்லவன்.
என் இருபதோடு சேர்த்துக் கொட்டிவைத்தேன்.

சுடும் கணத்தில் பித்தளை ஊதிப் பெருத்து
அறையின் சுவர்களில் முட்டி
அந்த அறையையே உடம்பாக்கிக்கொள்ளும்.
கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தையெல்லாம்
அதற்குத் தெரியாது.
எஸ்கோவின் துப்பாக்கியில் உடம்பெடுத்தது
என்னுடையதில் நுழையத் தோள் இடிக்கும்.

நானோ கழுத்தை மட்டும் இறுக்குகிறவள்.
தோளைத் தொந்தரவு செய்யாதவரை
கூட்டுக்கு ஆயுசு கெட்டி என்பது என் கணக்கு.
கணக்கு சரிதான்.
கூடுதான் என்னுடையதில்லை.

அன்று இரவு, சௌனாவின் முன்னறையில்,
பலகையில் முடுக்கிய அழுத்தியின் முன்னால்
கோபத்தோடு உட்கார்ந்தேன்.
முழு அச்சை அடிவரை இறக்கினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதற்குக் கம்பளிக் கொழுப்பு தடவ மறந்தேன்.
உள்ளே போனது, வெளியே வரவில்லை.
நெம்புகோலை இழுத்த இழுப்பில்
விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது.
துளைபோட்டு, மரையிட்டு, திருகாணியால் பிடுங்க
ஒன்றரை மணி நேரம்.
கௌக்கோ கதவருகே வந்து
"சூப்பைச் சூடாக்கட்டுமா?" என்றார்.
என் முகத்தைப் பார்த்து, தானே போய்க் குடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது.
அச்சை மேலே ஏற்றினேன்.
கொஞ்சம் இறக்கி, ஒரு கூட்டை அழுத்தித் துடைத்து,
துப்பாக்கியில் போட்டுப் பார்த்து,
இன்னும் கொஞ்சம் இறக்கி,
மறுபடி போட்டுப் பார்த்து.
போல்ட் இறங்கியது,
கடைசியில் ஒரு சின்ன முனகலோடு.
அங்கேயே பூட்டினேன்.
தோள் பின்வாங்கியது மயிரிழைதான்.
அதற்கு மேல் தள்ளினால்
அடுத்த சூட்டில் அந்த இடைவெளியை எட்டிப் பிடிக்கக்
கூடு தன் இடுப்பிலிருந்து சதையை இழுக்கும்.
ஒவ்வொரு முறையும் இழுக்கும்.

அது எப்படித் தெரியுமென்றால்,
காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து,
உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்கலாம்.
முப்பத்தொன்பதில் ஒன்றில்
நுனி தடுக்கியது.
வெளியே அதே இடத்தில்
பளிச்சென்று ஒரு வளையம்,
மோதிரம் கழற்றிய விரல்போல.
பெட்டியில் ஏழு கோடுகள் போட்டிருந்தேன்.
ஏழு சூடு.
ஆனால் இது என்னுடையதா எஸ்கோவுடையதா,
அச்சுக்குள் போய் வந்தபின்
யார் சொல்ல முடியும்?
வேறு யாரும் எடுத்துவிடாதபடி
வாயைக் குறட்டால் நசுக்கிப் போட்டேன்.

மீதிக்கு, விளக்கை அணைத்துவிட்டு,
ஒவ்வொன்றாய்க் கழுத்தைச் சுடரில் சுழற்றினேன்.
அடிபட்டு அடிபட்டு இறுகியது இளக வேண்டும்.
சிவப்பு எட்டிப்பார்ப்பதற்குள் தண்ணீரில் விட வேண்டும்.
அடிப்பாகம் மட்டும்
விரலால் பிடிக்கிற சூட்டைத் தாண்டக் கூடாது;
அங்கே இறுக்கம்தான் உயிர்.
சொய்ங், சொய்ங் என்று வாளிக்குள் முப்பத்தெட்டு முறை.

வியாழக்கிழமை எஸ்கோ போன் செய்தான்.
சனிக்கிழமைக்கு இருபது கிடைக்குமா என்று.
"பத்து தருகிறேன்" என்றேன்.
"கூட்டைத் திருப்பித் தர வேண்டாம்.
சாக்லேட் மட்டும் போதும்."