எல்போ

ஆறு வருடம் முன்பு
ஜமுனாபாய் வீட்டு மாடித் தண்ணீர்
எங்கள் சுவரில் விழுகிறதென்று
தெப்பக்குளம் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம்.
எழுதியது நான்தான்.
'மேற்படியாரின் மழைத்தண்ணீர்' என்று ஒரு வரி.
ஏட்டு இரண்டு முறை வாசித்துவிட்டு
"மழை மேற்படியாருதாம்மா?" என்றார்.
நானும் சிரிக்கவில்லை,
பக்கத்தில் நின்ற அவளும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு எல்போ வாங்கிக்
குழாயின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள்.
அவள் முகமும் அப்படியே நின்றுவிட்டது.
ஐப்பசிதோறும் அவள் தண்ணீர்
எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு
அனுப்பானடிச் சாக்கடைக்குப் போனது,
சட்டப்படி.

எங்களிடமும் ஒரு குழாய் உண்டு.
மாநகராட்சி ஆள் போட்டோ எடுத்துப் போனார்.
அடியில் வட்டமாய் ஒரு சிமென்ட் மூடி.
மூடிக்குக் கீழே வெறும் தரைதான் என்பது
கட்டிய கொத்தனாருக்குத் தெரியும்,
கட்டச் சொன்ன எங்களுக்கும்.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம்
போர் காற்றை இறைத்தது.
நானூற்று எண்பது அடி.
லாரிக்காரர் போனை எடுக்கவில்லை.
பிளம்பர் அப்பாஸ் மாடியேறிப் பார்த்தார்.
"உங்களுது படிக்கட்டும் டேங்க்கும் போக
நாலு பாய் விரிக்கிற இடம்க்கா.
அந்தம்மா மாடிதான் மாடி.
வாட்டம் உங்க பக்கம் போட்டிருக்கு, பாத்தீங்களா?"
பார்த்திருக்கிறேன்.
மனுவில் அதையும் எழுதியிருந்தேன்.

சாயங்காலம் கருத்துக்கொண்டு வந்தது.
சாயக்கடையில் வாங்கிய நீல டிரம்மை
ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி
(ஏழும் குடத்தில் வாங்கிய தண்ணீர்)
மதிலோரம் உருட்டி நிறுத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
டிரம்தான் கேட்டது.

மழை தகரத்தில் விழுந்ததும்
மதிலுக்கு மேலே அவள் தலை தெரிந்தது.
ஸ்டூல் போட்டிருக்கிறாள்.
"மொதத் தண்ணி வேண்டாம். புறா எச்சம்.
பத்து நிமிசம் போகட்டும்."
ஆறு வருடத்துக்கு அப்புறம்
அவள் சொன்னது இவ்வளவுதான்.
பத்து நிமிடமும் நனைந்தபடி
இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு எல்போவைத் திருகினாள்.
பசை பிடித்திருந்தது. நகரவில்லை.
உள்ளே போய்க்
குழவியோடு வந்தாள்.
ஒரே அடி.

பழைய பாசிக்கறை இன்னும் இருக்கிற
அதே இடத்தில்
சுவரை அறைந்து விழுந்தது தண்ணீர்.
டிரம்மை ஒரு சாண் நகர்த்தினேன்.
உள்ளே முதலில் இடி மாதிரி,
போகப்போகக் கொதிக்கிற உலை மாதிரி,
அப்புறம் சத்தமே இல்லை.

மூடி தேடி வீட்டுக்குள் ஓடினேன்.
வருவதற்குள்
விளிம்பு தாண்டி
மதிலடி எலிப்பொந்தில் நுழைந்து
அவள் முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது
மேற்படியாரின் மழைத்தண்ணீர்.