நான்கு சென்ரிமீற்றர்

புன்னாலைக்கட்டுவன் மைதானத்தில்
புல் இன்னும் காயவில்லை.
முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம்,
ஒற்றைறூள் கொப்பி,
முதுகு உடைந்து றப்பர்பான்ட் போட்ட ஸ்டொப்வோச்.
ஆய்வுகூடம் இவ்வளவுதான்.

அடிமட்டத்தின் மேல்நுனி என் கையில்.
கீழே, பூச்சியத்தின் இரண்டு பக்கமும்
தொடாமல் விரல் திறந்து நிற்கவேண்டும் பிள்ளை.
சொல்லாமல் விடுவேன்.
விழுந்த தூரத்தை இரட்டித்து,
ஈர்ப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால்
கண்ணிலிருந்து கைக்கு
எவ்வளவு வழி என்று வரும்.

ஜெனிஸ்ரா பதினேழில் பிடித்தாள்.
விடிய நாலு மணிக்கு வெங்காயத்துக்குத்
தண்ணி மாறிவிட்டு வந்த லக்சாயினி
கொட்டாவியோடு இருபத்திரண்டில்.
ஆரணிகா நான்கில்.

நான்கு.
திரும்பவும் விட்டேன். நான்கு.
இன்னொரு தரம், வேண்டுமென்றே சுணங்கி.
நான்கரை.

கொப்பியில் கணக்குப் போட்டால்
பத்தில் ஒரு செக்கனுக்கும் குறைவு.
அதற்குள் பாய்பவர் கேட்டுப் பாய்வதில்லை,
ஊகித்துப் பாய்கிறார் என்கிறது விதி.
சிவப்பு அட்டை காட்டி
வெளியே அனுப்பிவிடும்.

“களவு விளையாடுறாய்” என்றேன்.
அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.
“இல்லை மிஸ்.
விட முதல் உங்கட பெருவிரல் வெளுக்குது.”

ஞாயிறு பின்னேரங்களில்
அவர்கள் வீட்டு மாமரத்தின் கீழே
முந்நூற்றுநாலு நடக்குமாம். ஆறு பேர்.
பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுப்பது இவளுடைய வேலை.
துரும்பு கவிழ்த்து வைத்த சித்தப்பாவுக்குக்
கால் பெருவிரல் செருப்பை விட்டு எழும்புமாம்.
வீரன் கையில் வந்தவர்
தேத்தண்ணியை ஆறவிடாமல் குடிப்பாராம்.
“அப்பாவுக்குச் சொல்லுறதில்லையோ?”
“சொன்னால் ஆட்டம் குழம்பிப்போகும் மிஸ்.”

கொப்பி மட்டையால் என் கையை மறைத்து விட்டேன்.
பத்தொன்பது.
எல்லாப் பிள்ளைகளையும் போல.

எந்த எண்ணை எழுதுவது?
நிரல்களில் வலக்கை இருக்கிறது, இடக்கை இருக்கிறது,
சராசரி இருக்கிறது.
கண்டுகொண்டது என்று ஒரு கட்டம் இல்லை.
பென்சிலால் இரண்டையும் எழுதி
அழிறப்பரை எடுத்து
திரும்ப வைத்தேன்.

வலயப் போட்டியில் அவளுக்கு எட்டாம் பாதை.
துவக்குபவர் கையில் துவக்கு.
அவர் முதலாம் பாதைக்கு உள்ளே, புல்லில் நிற்பார்.
வெடி எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகத் தொடுவதில்லை.
கடைசிப் பாதைக்கு அது
செக்கனில் முப்பதில் ஒரு பங்கு பிந்தித்தான் போகும்.
ஓடுகிற கால்களுக்கு அது ஒரு சாண்.
இதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

“குனிஞ்சு நிண்டால் விரல் தெரியாது.
என்ன செய்யப்போறாய்?”
“காலமைதானே மிஸ். வெயில் அந்தப் பக்கம்.
அந்த சேரின்ர நிழல்
என்ர கோடுமட்டும் வரும்.”

வந்தது.
நிழலின் கை நீண்டு, அவள் விரல்களுக்கு முன்னால்
மெல்ல இறுகியதை நான்
நேரக்கணிப்பாளர் ஏணியில் இருந்து பார்த்தேன்.
தகுதிகாண் ஓட்டத்தில் முதலாமிடம்.
ஒருவரும் அட்டை தூக்கவில்லை.

இறுதி ஓட்டம் பதினொன்றரைக்கு.
அவருடைய நிழல் அவருடைய சப்பாத்துக்குள்ளேயே
ஒடுங்கிப் போயிருந்தது.
நான்காமிடம்.
மூன்றாவதாக வந்தவளின் நெஞ்சுக்கும் இவளுக்கும்
எத்தனை இடைவெளி என்று நான் சொல்லப்போவதில்லை.
ஆரணிகா ஐஸ்பழம் வாங்கி
ஜெனிஸ்ராவோடு பாதி பாதி கடித்தாள்.

இரவு, சோறு வேகும் நேரம்,
குசினி லைற்றுக்குக் கீழே
அடிமட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
இந்த முறை வெளுக்கவிடக்கூடாது.
விடுவோம் என்று நினைக்கிறேன்,
நினைத்து முடிய முதல் நகத்தடி வெள்ளை.
திரும்ப. திரும்பவும் வெள்ளை.
எனக்கு முதலே அதற்கு
ஆர் சொல்லுகிறார்கள்?

கீழே பிடிக்க ஆளில்லை.
சீமெந்தில் பலகை விழுந்த சத்தத்துக்கு
பக்கத்து வீட்டு நாய்
உடனே குரைக்கிறது.