ஐந்து மில்லிமீற்றர்

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி.
இரும்புக்கு இங்கே இரண்டு மாமியார்.
அறுபத்தேழாம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட்
எங்கள் போட்டிக்கோவில் மூன்று வருடம்
நான்கு சீமெந்துக் கல்லில் நின்றது.
நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள்.
இரவு டியூட்டி முடித்து வந்து
சீருடை மாற்றாமல் அதன் கீழே படுப்பேன்,
ரோர்ச் வெளிச்சத்தில் விலா எண்ண.

வாங்கியபோது சிவப்பு.
சுரண்டச் சுரண்ட, சிவப்புக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே யாரோ பூசிய ஜன்னல் பெயின்ற்,
அதற்கும் கீழே புட்டி,
புட்டிக்குள் சிங்களப் பத்திரிகைக் கிழிசல் ஒன்று,
கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் விளங்கியது.
அதற்கும் கீழே ஒன்றுமில்லை.
விரல் போய் மறுபக்கம் வந்தது.

எஞ்சின் பிளொக் வெடித்திருந்தது.
"எம்.ஜி. என்றால் எம்.ஜி. எஞ்சின்தான்" என்றான் விபுலன்,
லண்டன் விலையைப் பார்த்துவிட்டுக்
கம்ப்யூட்டரைச் சாத்தினான்.
கடைசியில் செங்கலடியில், கோழிக்கூட்டுக்குப் பின்னால்,
ஒரு நிசான் சன்னி.
எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்த்து, பேரம் பேசி.
மாமிக்கு அது சனி என்றே கேட்டது.
"சும்மா கிடந்த காருக்குள்ள
என்னத்துக்குச் சனியைக் கூப்பிட்டு வைக்கிறீங்க?"
சனிக்கிழமை கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தா.
மிச்ச எண்ணெயை நான் வாங்கி
துருப்பிடித்த போல்ட் ஒன்றுக்கு விட்டேன்.
கழன்றது.
இரண்டு பேரும் அதைத் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

தப்பு நடந்தது ஆவணியில்.
கதவுக்குக் கீழே ஓடும் தகடு இரண்டும்
தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டாய் உதிர்ந்தன.
கிரைண்டரை எடுத்து இரண்டையும் ஒரே நாளில் வெட்டினேன்.
கூரையில்லாத காருக்கு
அந்தத் தகடுதான் முள்ளந்தண்டு என்பது
எனக்குத் தெரியாமல் இல்லை. அவசரம்.
கார் சத்தமில்லாமல் நடுவில் தொய்ந்தது.
காத்தான்குடி நிஸ்தார், கேற்றும் கிறிலும் ஒட்டுகிற பொடியன்,
புதுத் தகட்டை அழகாக ஒட்டித் தந்தான்,
தொய்ந்தபடியே.

கதவைச் சாத்தினோம். சாத்துப்படவில்லை.
ஐந்து மில்லிமீற்றர்.
"வெட்ட முந்திக் குறுக்கால ஒரு கம்பி ஒட்டியிருக்கணும் டொக்டர்,
இனி ஒண்டும் செய்ய ஏலா."
நான் டொக்டர் இல்லை என்று அன்றும் திருத்தவில்லை.
ஒரு நாளைக்கு முப்பது எலும்பு பார்க்கிறவள்,
ஒவ்வொருவருக்கும்
அசையாமல் இருங்கள், அசையாமல் இருங்கள் என்கிறவள்.

ஒரு கிழமை படங்கால் மூடி வைத்தேன்.
திரும்ப வெட்டினால் தகடு, கூலி, இன்னொரு மாரி.
விபுலன்தான் சொன்னான், சோறு பிசைந்தபடி:
"பந்தயக் காருக்கு எங்க கதவு?"
இரண்டையும் ஒட்டிவிட்டோம், விளிம்பே தெரியாமல்.
ஒறிஜினல் பற்றி அதன்பிறகு
வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மாசியில், விடிய ஐந்தரைக்கு, முதல் ஓட்டம்.
நான் காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன்.
விபுலன் மோட்டார்சைக்கிளில் பின்னால், இழுக்கிற கயிற்றோடு.
மாமி பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்து வந்து
அதில் ஏறி, சேலையைச் சொருகி,
பக்கத்துச் சீற்றுக்குள் இறங்கினா.
யாரும் கூப்பிடவில்லை.
"சனி ஓடுதோ பாப்பம்."

ஓடியது.
இரண்டாம் கியரில் ஒரு முனகல், அது இன்னும் இருக்கிறது.
மைல் காட்டுகிற மானி, சன்னியின் கியர்பொக்ஸ்;
முள் தன்பாட்டில் ஆடியது.
புதுப் பாலத்தில் நாங்கள்.
பக்கத்தில் பழைய பாலம், தன் இரும்பு முழுவதும் வெளியே தெரிய.
கீழே தோணிக்காரன் ஒருவன் வலையை விட்டுவிட்டுப் பார்த்தான்.
மாமி தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தா,
சிரிக்கிறாவா என்று திரும்பிப் பார்க்க எனக்குப் பயம்.

சந்தையடியில் நிறுத்தினேன்.
பையை எடுத்தா. கதவைத் தேடித் தடவினா.
கதிரை கல்லடியில்.

"மறுகா?" என்றா.